தயிர் ஊற்றிப் பழசாக்கிய கோயில்

போன வாரம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் செத்துப்போனது. அந்தச் சமயம் பார்த்து நாங்கள் ஊரில் இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஒரு பாத்திரம் நிறையத் தயிர் பச்சை பூத்துக் கிடக்கிறது. வாடை குப்பென்று அடித்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் மட்டும் அதை இழுத்து இழுத்து மோந்துகொண்டு நின்றேன். பால்கனியில் அழகுக்காக வாங்கி வைத்த ஒரு கல்தொட்டி உண்டு. தயிரைக் கொண்டுபோய் அதன் தலையில் கவிழ்த்து, கையால் நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"பழசாக்குறேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்காவது சொல்கிறேன்.

புளித்த தயிர் என்றால் மற்றவர்களுக்கு மோர்க்குழம்பு ஞாபகம் வரும். எனக்குக் கம்போடியா ஞாபகம் வரும். கம்போடியாவுக்கு நான் இன்றுவரை போனதில்லை என்பது வேறு விஷயம். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் கட்டுமானப் பொறியியலில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர வேலை தேடிய ஒரு நாளில், அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு கண்ணில் பட்டது. "இடிபாடு கட்டுவதற்கு ஆள் தேவை. கணக்கு தெரிந்திருக்க வேண்டும்." என் ஜெர்மன் அரைகுறை என்பதால் அறைத் தோழனிடம் காட்டினேன். அவன் ஜெர்மன்காரன். அவனும் இரண்டு முறை படித்துவிட்டு, அப்படித்தான் போட்டிருக்கிறது என்றான்.

விஷயம் இதுதான். டிரெஸ்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் ஒரு சின்ன விலங்குப் பூங்கா இருந்தது. அங்கே புதிதாகக் குரங்குகள் வரப்போகின்றன. வெறும் கூண்டு கட்டினால் யார் வந்து பார்ப்பார்கள்? காட்டுக்குள் கைவிடப்பட்ட பழைய கெமர் கோயில் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். கெமர் அரசர்கள்தான் கம்போடியாவில் அங்கோர் கோயில்களைக் கட்டியவர்கள். அவர்கள் கட்டி, காடு மூடி, இடிந்துபோக எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. பூங்காக்காரர்கள் அதை அடுத்த கோடை விடுமுறைக்குள் முடித்துத் தரும்படி ஹைன்ஸே என்பவரிடம் கேட்டிருந்தார்கள்.

ஹைன்ஸே சிற்பி. கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு பழைய படப் புத்தகத்தில் அங்கோரைப் பார்த்து மயங்கியவர், தன் நாட்டை விட்டு எங்கேயும் போக முடியாமல் இருபது வருஷம் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாட்டைப் பிரித்திருந்த சுவர் விழுந்ததும் ஊரே மேற்குப் பக்கம் போய்க் கடை வீதி பார்த்தது. இவர் காசு சேர்த்துக் கம்போடியா போய், கோயில் கோயிலாக, கல்குவாரி குவாரியாக அலைந்து, ஒவ்வொரு கல்லையும் அளந்துகொண்டு வந்தார். என்னை வேலைக்கு எடுக்க அவர் கேட்டது மூன்றே கேள்வி. உங்கள் ஊரில் கோயில் உண்டா? கல் கோயிலா? இடிந்ததா?

எனக்கு மனசாட்சி உறுத்தியது. நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் கோயில் என்றால் சர்ச்தான். ஊர்ச் சிவன் கோயிலின் பின்மதில் கிரிக்கெட்டில் எங்களுக்கு ஸ்டம்ப்பாக இருந்தது, அவ்வளவுதான் தொடர்பு. இதைச் சொன்னதும் ஹைன்ஸே கொஞ்சமும் அசரவில்லை. கெமர் அரசர்களும் பிற்பாடு மதம் மாறியவர்கள்தான், நாளை காலை வந்துவிடு என்றார்.

அந்தக் காலத்தில் டிரெஸ்டன் நடுவில், போரில் குண்டு விழுந்து நொறுங்கிய பெரிய தேவாலயம் ஒன்றைக் கல் கல்லாக அடுக்கி மறுபடி முழுசாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் சைக்கிளில் அதைக் கடந்துபோய் ரயில் பிடிப்பேன். ரயில் இறங்கி, நான் முழுக் கற்களை மூளியாக்கும் வேலையைத் தொடங்குவேன். இரண்டு இடத்துக்கும் அதே மலைப்பக்கத்து மணற்கல்தான். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அப்பாவிடம் "கட்டுமான வேலை" என்று மட்டும் எழுதினேன்.

என் கணக்கு அறிவு எதற்குத் தேவைப்பட்டது என்றால், ஒரு சுவர் விழப்போவதுபோல் தெரிய வேண்டும், ஆனால் விழக் கூடாது. சரிந்த தூணுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. உருண்டு கிடக்கும் கல்லுக்கு அடியில் காங்கிரீட் அஸ்திவாரம். சோதனைக்கு வந்த பொறியாளர் பொல்லாத கறார் பேர்வழி. கீழே கிடந்த ஒரு கல்லைக் காட்டி, இது ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டார். மேலேயிருந்து விழுந்தது என்றார் ஹைன்ஸே. பொறியாளர் பதறிப்போய், எப்போது என்றார். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் என்று ஹைன்ஸே முகம் மாறாமல் சொன்னார். வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஏதாவது விழுந்ததா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று நானும் சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

குவாரிக்குப் போகும் நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை. கைவிடப்பட்ட ஒரு பழைய குவாரியைச் சொந்தம் கொண்டாடாத குறையாக வைத்திருந்தார் ஹைன்ஸே. கெமர் கல்தச்சர்கள் பாறையைப் படிப்படியாக வெட்டி இறக்கிய விதமும், அவர்களுடைய உளித்தடம் இரண்டு பக்கமாகச் சாய்ந்திருக்கும் விதமும் இங்கேயும் இருக்கிறது என்று பூதக்கண்ணாடியோடு தவழ்ந்து தவழ்ந்து காட்டுவார். ஈரமணலும் பாசியும் கலந்த வாசனை அங்கே. அங்கோர்க் கற்களில் உருண்டையான துளைகள் உண்டு. மர ஆப்பு செருகித் தூக்குவதற்காக இருக்கலாம் என்பார்கள். எங்கள் கற்களிலும் ஒவ்வொன்றாகத் துளை போடச் சொன்னார். கல் அறுக்கிறவர், தூக்கத்தான் கிரேன் இருக்கிறதே என்றார். கெமர்களிடம் இல்லையே என்றார் ஹைன்ஸே. துளை போட்டு, அந்தத் துளைகளைத் தொடாமல் கிரேனால் தூக்கினோம்.

இதில் ஒரு வினை நடந்தது. ஹைன்ஸே ஒரு துவாரபாலகர் தலையைச் செதுக்கி, மூக்கை உடைத்து, மண்நிறம் ஏறட்டும் என்று குவாரியில் புதைத்து வைத்தார். பனிக்காலம் முடிந்தது. எங்கே புதைத்தோம் என்பது மறந்துபோயிற்று. நாங்களே புதைத்த பழம்பொருளைத் தேடி, கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளி, முறைப்படி அகழாய்வு நடத்தினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ஒருவருடைய நாய் அதைத் தோண்டி எடுத்தது. அவர் தலையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போய்விட்டார். ஆசியர்கள் ஆதியிலேயே இங்கே வந்துவிட்டார்களா என்று முதல் பக்கத்தில் போட்டார்கள். மறு வாரம் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. தவற்றை ஈடுகட்டுவதுபோல் எங்கள் கட்டுமானத்தைப் பெரிய படமாகப் போட்டு, "நம் ஊரில் ஓர் இந்துக் கோயில்" என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். குரங்கு விஷயம் கடைசி வரியில் இருந்தது.

இனி தயிர். புதிதாக வெட்டிய மணற்கல் குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று இருக்கும். அதில் பாசி பிடிக்க வைக்க ஜெர்மன் தோட்டக்காரர்களிடம் ஒரு வழி உண்டு. தயிரோ மோரோ பூசிவிட்டால் பாசி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஹைன்ஸே குவாரிப் பாசியைத் தன் மனைவியின் மிக்ஸியில் தயிரோடு அரைத்து வாளி வாளியாகக் கொண்டுவருவார். இந்தியர்களுக்குத் தயிர் தெரியும் என்று பூசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சில வாரங்களில் சுவர்கள் பச்சை பிடிக்கத் தொடங்கின. கருவறை என்று சொல்லும்படி ஒரு மூலை கட்டியிருந்தோம். அதன் நடுவில் ஆவுடையாரோடு ஒரு லிங்கம். அளவெல்லாம் அங்கோர்க் கணக்கு. அதற்கு மட்டும் முதலில் வெறும் தயிர் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு.

அன்று நல்ல வெயில். சட்டையெல்லாம் தயிராகிறது என்று கழற்றிப் போட்டு, இடுப்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, அகப்பையால் மொண்டு மொண்டு லிங்கத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. திரும்பினால் வேலிக்கு அப்பால் ஒரு பெண், தலைக்கு மேல் கை கூப்பியபடி, கண்ணீர் வழிய நிற்கிறார். பக்கத்தில் கோட்டு போட்ட ஓர் ஆள் சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அபிஷேகம் முடிஞ்சிட்டுதோ?" என்றார் அந்தப் பெண்.

பல நாட்கள் காதில் விழாத தமிழ். அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"நான் ஐயர் இல்லக்கா. வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். இது பாசி பிடிக்க ஊத்துறது. கோயிலும் இல்ல, கொரங்குக்கு வீடு கட்டுறாங்க."

கோட்டு போட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் வேதக்காரன்தான் தம்பி. மன்னார்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. லிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர் ஊத்தினா என்ன, லிங்கம் லிங்கம்தானே. நீங்கள் ஊத்துங்கோ, நான் கும்பிட்டிட்டுப் போறன்."

மலர் அக்காவும் அலோசியஸ் அண்ணனும் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். அக்கா யாழ்ப்பாணம். அகதிகளாக வந்த இடத்தில் இருவரும் பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த அக்காவின் அம்மா அதை ஏற்கவில்லை. கையெழுத்து வைத்தால் கல்யாணமா, கோயிலில் தாலி கட்டின படம் வரட்டும், பிறகு கதைக்கலாம் என்று சொன்னதோடு சரி. அக்கா எப்போது தொலைபேசி எடுத்தாலும் அம்மா அதைத் தங்கையிடம் கொடுத்துவிடுவார்.

"பின்னால அம்மா இருமுறது கேக்கும் தம்பி. அதைக் கேட்டிட்டு வச்சிடுவன்."

ஐயர் வைத்துத் தாலி கட்டக்கூடிய கோயில் இருந்ததோ ஜெர்மனியின் மேற்குக் கோடியில். வழக்கு முடியாத அகதிகள் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று அப்போது விதி. போய்வர அனுமதி கேட்டு அன்ராக் என்கிற மனு எழுதிக் கொடுத்து, டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் வாங்கி, அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்த அம்மாள் மனுவைப் படித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினாராம். நம் ஊரிலேயே கோயில் கட்டுகிறார்கள், இருபத்தோராம் நம்பர் பஸ் போகும். அந்த அம்மாள் நல்ல மனசோடுதான் சொன்னார் என்று அக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, இஞ்ச வச்சுத் தாலி கட்ட ஏலுமோ?"

ஹைன்ஸேயிடம் சொன்னேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். தன் இடிபாட்டில் என்னவோ குறைகிறது என்று மாதக்கணக்கில் தவித்தாராம், இப்போதுதான் விளங்குகிறதாம். ஒரு நாள்கூடக் கோயிலாக இருந்திராத ஒன்று எப்படிப் பாழடைந்த கோயில் ஆகும், நான் ஒரு முட்டாள், நீங்கள் அவசியம் இங்கே கல்யாணம் செய்ய வேண்டும் என்று அலோசியஸ் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். மறு வாரம் குரங்குகளை உள்ளே விடப்போகிறார்கள். பிறகு மனிதர்கள் நுழைய முடியாது. வருகிற சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தோம்.

முட்டுக்கட்டை பாதுகாப்பு அதிகாரி ரூபத்தில் வந்தது. கல்யாணம் செய்யலாம், ஆனால் இது கட்டுமான இடம், எல்லோரும் தலைக்கவசம் போட வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். ஆகவே அந்தச் சனிக்கிழமை, கூறைச் சேலைக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட்டோடு மணமகள், கோட்டுக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட்டோடு மாப்பிள்ளை. நானும் ஹைன்ஸேயும் அவர் மனைவியும் கல் அறுக்கிறவரும் மஞ்சள் ஹெல்மெட்டில் சுற்றம். அக்காவுக்கு மட்டும் முகம் வாடியிருந்தது. அம்மா இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

ஐயர் கிடையாது. தாலியை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது. எங்கள் சர்ச்சிலும் தாலிதான் என்பதால் அது எனக்குப் புதிதில்லை. மந்திரத்துக்குப் பதில் எனக்குத் தெரிந்த ஜெபத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மஞ்சள் கயிற்றை நீட்டிய நேரம், பாதுகாப்பு அதிகாரி தொண்டையைச் செருமினார். பிறகு மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பி, ஒட்டகங்கள் இருந்த பக்கம் மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் சட்டென்று ஹெல்மெட்டுகளைக் கழற்றினோம்.

"கெட்டிமேளம்!" என்று கத்தினேன். பழக்க தோஷம். மேளம் எங்கே இருக்கிறது? ஆனால் பக்கத்துக் கொட்டிலில் இடமாற்றத்துக்காகக் காத்திருந்தவை சியாமாங் என்ற கறுப்புக் குரங்குகள். தொண்டைப் பை ஊதி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஜோடியாகப் பாடுகிற ஜாதி. என் குரலுக்கு அவை பதில் கொடுத்தன. அலோசியஸ் அண்ணன் தாலி கட்டி முடிக்கும்வரை அந்த முழக்கம் நிற்கவில்லை. குரங்கு இனம் சுமத்ராவைச் சேர்ந்தது, கம்போடியாவில் இதெல்லாம் கிடையாது என்று ஹைன்ஸே காமிராவுக்குப் பின்னாலிருந்து புலம்பிக்கொண்டே படமெடுத்தார். பழம்பொருட்களைப் படமெடுக்கும்போது பக்கத்தில் வைக்கும் கறுப்பு வெள்ளை அளவுகோலைப் பழக்கத்தில் மணமகள் காலடியில் வைத்துவிட்டார். அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை எடுத்தோம்.

படம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை தொலைபேசியை அம்மாவே எடுத்தார். "கோயில் நல்ல பழசு போல கிடக்கு" என்றாராம். அதுதான் முதல் வார்த்தை. அக்கா அழுததில் போன் கார்டு முடிந்துபோயிற்று. தயிரின் மகிமை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் மருமகனைப் பற்றி மட்டும் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் எர்லாங்கனில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அவர்களுக்கும் ஒருவழியாகக் காகிதங்கள் சரியாகி, கொலோன் பக்கம் குடிபோனார்கள். ஒரு மகள் பிறந்தாள். சில வருஷம் கழித்து அம்மா விசிட் விசாவில் வந்து இறங்கினார். மகளோடு நன்றாகக் கதைத்தார். மருமகனோடு மட்டும் பேத்தி வழியாகத்தான். "கொப்பாட்டக் கேள், தேத்தண்ணி வேணுமோ எண்டு." பேத்தியின் அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

அங்கே பக்கத்தில் அசல் கோயிலுக்கே அழைத்துப் போயிருக்கிறார்கள். அம்மா கும்பிட்டு முடித்து, "இது சரி. உனக்குத் தாலி கட்டின கோயில் எங்க?" என்று கேட்டுவிட்டார். அக்கா அன்றே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, நீங்களும் வாங்கோ. எங்களுக்குத் தனியப் போக ஏலாது." பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் போனேன்.

வாசலில் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றபோது, "இஞ்சயும் டிக்கெட்டோ?" என்றார் அம்மா. எங்க ஊர்க் கோயில்லயும் டிக்கெட்தாம்மா என்றேன் நான். பொய் இல்லை. ஒட்டகம், நீர்நாய், ஃபிளமிங்கோ எல்லாவற்றையும் கடந்து போனோம். அம்மா எதிலும் நிற்காமல் நடந்தார். அலோசியஸ் அண்ணனுக்குக் குளிரிலும் வியர்த்தது. கண்ணாடிச் சுவரின் முன்னால் வந்ததும் அம்மா ஷூவைக் கழற்றிவிட்டு நின்றார்.

எங்கள் இடிபாடு நன்றாகத்தான் பழசாகியிருந்தது. சுவரெல்லாம் பாசி. யாரும் நடாமலே ஒரு பிர்ச் மரக்கன்று கல்லிடுக்கில் வேர்விட்டிருந்தது. ஆவுடையாரின் மேல் உட்கார்ந்து ஒரு சியாமாங், தன் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"மாமி, அது வந்து..." என்று தொடங்கினார் அலோசியஸ் அண்ணன்.

அம்மா கையை உயர்த்தினார். பிறகு, பேத்தி பக்கம் திரும்பாமல், நேராக மருமகனைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, எனக்குத் தாலி கட்டின கோயிலும் இப்ப இப்பிடித்தான் கிடக்காம். கூரை விழுந்து, உள்ளுக்க மரம் முளைச்சு. ஆமிக்காரன்ர வேலிக்கு அங்கால. டிக்கெட் எடுத்தாலும் பாக்க ஏலாது." கைப்பையைப் பேத்தியிடம் கொடுத்தார். "இதில வச்சு என்னை ஒரு படம் எடுங்கோ."

அலோசியஸ் அண்ணன் எடுத்தார். முதல் படங்கள் எல்லாம் கலங்கிப்போயின. அம்மா வெறுங்காலோடு, பொறுமையாக, அவர் சரியாக எடுக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.

அந்த இடம் இப்போது இல்லை. புதிதாக வந்த சோதனைப் பொறியாளர் ஒருவர், சுவர் விழும் நிலையில் இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டாராம். அப்படித் தெரிய வேண்டும் என்றுதானே ராவும் பகலும் கணக்குப் போட்டேன்! பாதுகாப்பு காரணமாக இடிபாட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது ஆப்பிரிக்க மண்குடிசைகள், கீரிகளுக்காக. ஹைன்ஸேயின் கடைசி மின்னஞ்சல் அதைப் பற்றித்தான். அதற்குப் பிறகு அவரும் இல்லை.

அந்த மின்னஞ்சலை மலர் அக்காவுக்கும் அலோசியஸ் அண்ணனுக்கும் அனுப்பிவைத்தேன். அது போன வாரமே அக்கா அழைத்தார். அங்கே ஊரில் ராணுவம் காணிகளை விட்டுவிட்டதாம். ஊர் திரும்பிவிட்டிருந்த அம்மா, வயதான காலத்தில் ஆட்டோ பிடித்துத் தன் கோயிலைப் பார்க்கப் போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் இடிபாடுகூட இல்லை. கல்லெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வெறும் வெளி. வீட்டுக்கு வந்து அம்மா முதலில் கேட்டது மருமகனைத்தானாம். அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "தம்பி, உங்கட கோயில் இருக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

அலோசியஸ் அண்ணன் என்ன சொன்னார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"'ஓம் மாமி, அப்பிடியே இருக்கு' எண்டார்" என்றார் அக்கா.